இரட்டை வேடத்தின் கணக்கு

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ பார்த்துவிட்டு வந்த இரவு, எனக்கும் பெரியப்பா மகனுக்கும் பெரிய சண்டை. எம்.ஜி.ஆருக்கு அச்சு அசலாக ஒரு தம்பி இருக்கிறார், அவரைத்தான் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்கள் என்பது அண்ணன் கட்சி. அதெல்லாம் இல்லை, கண்ணாடி வேலை என்பது என் கட்சி. இரண்டுமே தப்பு என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஒரே நடிகர் இரண்டு வேடம் கட்டுவது வேறு. அந்த இருவரும் ஒரே ஷாட்டில் எதிரெதிரே நிற்பது வேறு. 1917-ல் பால்கே எடுத்த ‘லங்கா தகன்’ படத்தில் சாளுங்கே என்ற நடிகரே ராமர், அவரே சீதை. நம் நாட்டின் முதல் இரட்டை வேடம் என்று அதைச் சொல்வார்கள். ஆனால் சீதை அசோகவனத்தில், ராமர் கடலுக்கு இக்கரையில். சேர்த்து நிறுத்தும் அவசியம் கதையிலேயே குறைவு. சேர்த்து நிறுத்தும் வித்தையை 1900-லேயே பிரான்சில் மெலியே காட்டிவிட்டார். தானே ஏழு பேராக உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார். தமிழுக்கு இரட்டை வேடம் வந்தது 1940-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில், பி.யு.சின்னப்பாவால்.

செய்முறை கேட்க எளிது. லென்சுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். இடது பக்கம் அண்ணனாக நடித்து முடித்ததும், லென்சை மூடிக்கொண்டு பிலிமைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்ற வேண்டும். பிறகு அட்டையை மாற்றி, நடிகர் தம்பி வேஷத்தில் வலது பக்கம் வந்து நடிக்க வேண்டும். ஒரு நிமிஷக் காட்சி என்றால் 90 அடி பிலிம், 1,440 பிரேம். எண்ணிக்கை பிசகினால் கேள்வி ஒரு நேரம், பதில் ஒரு நேரம். இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடுவில் வெளிச்சக் கோடு; இடைவெளி விட்டால் கறுப்புக் கோடு. வேஷம் மாற்றுகிற நேரமெல்லாம் கேமரா ஒரு நூல் அசையக் கூடாது, விளக்கும் மாறக் கூடாது. அதனால்தான் கதவு நிலை, தூண் என்று ஏதாவது ஒன்றின்மேல் அந்தக் கோட்டை ஒளித்து வைப்பார்கள். ஒருவர் கை கோட்டைத் தாண்டினால் போச்சு, விரல் அங்கேயே வெட்டுப்பட்டு நிற்கும்.

நடிகர் பாடும் லேசானதல்ல. எதிரே ஆள் கிடையாது. காலி இடத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும், இன்னும் பேசப்படாத பதிலுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். 1969-ல் ‘தெய்வமகன்’ படத்தில் அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாக மூன்று சிவாஜி. அதன் பாராட்டு சிவாஜிக்குப் போய்ச் சேர்ந்தது, நியாயம்தான். கட்டிப்பிடிக்கும் காட்சிகளில் முதுகு மட்டும் காட்டி நிற்பாரே ஒரு ‘டூப்’, அவருக்கு என்ன வரவு வைத்தோம்? அந்தக்கால டைட்டிலில் பெரும்பாலும் பேர்கூட இராது. வியாபாரத்தில் நாற்பது வருஷம் பேரேடு எழுதிய எனக்கு இது உறுத்துகிறது. பிரேம் எண்ணிய கேமரா உதவியாளருக்கும் இதே கதி.

நம் சங்கத்துப் பிள்ளைகள் இந்தியில் பார்த்த ‘ராம் அவுர் ஷியாம்’ (1967) எங்கிருந்து வந்தது? 1964-ல் தெலுங்கில் என்.டி.ராமராவ் நடித்த ‘ராமுடு பீமுடு’, 1965-ல் தமிழில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’, பிறகு திலீப் குமார். மூன்றுக்கும் டைரக்டர் சாணக்யாதான். பம்பாய்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை!

1998-ல் ‘ஜீன்ஸ்’ வந்தபோது பாதி வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. இப்போது கோடு நேராக இருக்க வேண்டியதில்லை, கேமராவும் நகரலாம், கையும் தாண்டலாம்.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் டி.வி.யில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஓடியது. “கோடு எங்கேடா, காட்டு பார்க்கலாம்” என்றார். இரண்டு எம்.ஜி.ஆரும் சேர்ந்து நிற்கிற இடமெல்லாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தேன், என்னால் காட்ட முடியவில்லை. தம்பி கட்சியை அவர் இன்னும் விடவில்லை.