பட்டறையும் பள்ளியும்

தொழில் கற்பிக்க ஏற்ற இடம் பள்ளியா, பட்டறையா? பழைய கண்டி இராச்சியத்தில் இவ்வினா எழ இடமிருக்கவில்லை. பல்லேபொல அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்திலே ஹபுவிட என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. வண்ண அரக்கைச் சூடேற்றி, நூலாக இழுத்து, மரத்தின்மேற் படியவைத்துப் பெருவிரல் நகத்தாற் கிள்ளி முடிக்கும் அவ்வித்தையைத் தந்தையின் பக்கத்தில் அமர்ந்தே மகன் கற்றான். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய கம்மியர் மரபுகளை விரித்துரைத்தார். அவை தளர்ந்து வருவது கண்டு அவர் அன்றே வருந்தினார்.

அதற்குமுன், 1893இல், கொழும்பு மருதானையில் தொழில்நுட்பப் பாடசாலை தோன்றியிருந்தது. கற்கும் இடமும் உழைக்கும் இடமும் வெவ்வேறாயின.

அவற்றை மீண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்த்தது பஸ் வண்டி எனலாம். 1958 தை முதலாந் திகதி நாட்டின் பஸ் சேவைகள் தேசியமயமாயின. தனியார் கம்பனிகள் பலவற்றின் வண்டிகள் ஒரே சபையின் பொறுப்பில் வந்து குவிந்தன. வண்டியை ஓட்டுவது எளிது. ஓடும் நிலையில் வைத்திருப்பதே அரிது. எனவே 1959இல், மேற்கு ஜேர்மனியின் உதவியுடன், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வெரஹெரப் பட்டறையிலேயே பயிற்சி நிலையம் தொடங்கிற்று. பயில்வோன் முன் கரும்பலகையோடு பழுதுபட்ட யந்திரமும் நின்றது. ஜேர்மானிய முறையின் உயிர்நாடியும் இதுவே. வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, எஞ்சிய நாட்களில் தொழிற்சாலை. பயில்வோனுக்குப் படி கொடுப்பவர் தொழிலதிபர். தாம் பணம் கொடுக்கும் பயிற்சி வீணாவதை எந்த முதலாளிதான் விரும்புவார்! இந்நிலையம் 1974இல் மொறட்டுவைக்கு இடம்மாறியது.

ஆயினும் இம்முறைக்குத் தொழிற்சாலை அருகில் இருத்தல் வேண்டும். நெல்லும் மிளகும் விளையும் நாட்டுப்புறத்து இளைஞன் எங்கே செல்வான்? படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞர் பலர் சேர்ந்த கிளர்ச்சி 1971 ஏப்பிரலில் நாட்டை உலுக்கியது. அவ்வாண்டே தேசிய பயிலுநர் சட்டமும் நிறைவேறியது. தொழில் நிலையங்களிலேயே இளைஞரை அமர்த்திப் பயிற்றும் பணி ஒரு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பணி அதிகாரசபை ஒன்றின் கைக்கு வந்தது.

பின்னர் வகுக்கப்பட்ட தேசிய தொழிற்றகைமைகள் 7 படிகளைக் கொண்டவை. கல்லூரி வாயிலை மிதியாத பல்லேபொலத் தச்சனும், தான் பட்டறையிற் கற்ற திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, அவற்றில் தனக்குரிய படியின் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம்.