கண்டவரும் குறித்தவரும்: தென்னார்க்காட்டுக் கனிமத் தேட்டம்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதி, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபால் அமைந்தது. 1993 முதல் விழுப்புரம் மாவட்டம் எனத் தனித்து விளங்குவது. கோயில்களையும் கல்வெட்டுகளையும் நாடி இங்கு வருவோர் பலர். ஆயின், இம்மண்ணின் அடியில் உள்ளவற்றைத் தேடியவர்தம் வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதனை ஆராயுங்கால், ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்னும் வினாவிற்கு நூல்கள் பொதுவாகத் தரும் விடை போதியதன்று என்பது புலனாகும். அதனை ஈண்டுச் சில சான்றுகளால் விளக்குவாம்.

திண்டிவனத்திற்குத் தெற்கே, சங்கராபரணி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர் திருவக்கரை. இங்குச் செந்நிற மணற்கல் மேடுகளில் பெருமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இவற்றின் அகவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்பர். சில மரங்கள் 15 மீட்டர் நீளம் உடையன. ஆண்டு வளையங்களும் அவற்றிற் காணப்படும். கிளையோ இலையோ வேரோ இன்மையின், இவை நின்ற இடத்திலேயே புதைந்தன அல்ல, வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலுள் மூடுண்டன எனக் கருதுவர். மணலினூடே ஊறிய நீரிற் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளிற் படிந்து அதனைக் கல்லாக்கிற்று.

இக்கல்மரங்களை 1781ஆம் ஆண்டில் முதன்முதற் கண்டறிந்தவர் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னரா என நூல்கள் கூறும். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலப்பகுதியை அளந்தாய்ந்த பிளான்போர்டு, இவை பொதிந்த படிவுகளைக் கடலூர் மணற்கல் எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். இவ்விடத்து ஊசியிலை மரவினத்தைப் பீர்பால் சாகனி 1931இல் ஆராய்ந்து எழுதினார். மருத மரத்தின் இனத்தைச் சார்ந்த கல்மரங்களும் இப்படிவுகளில் அறியப்பட்டுள்ளன. 1940 முதல் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைக் காத்து வருகின்றது.

ஆயினும், ஆற்றங்கரை மேட்டில் வெளிப்படக் கிடக்கும் இவற்றை ஊரார் 1781 வரை காணாதிருந்தனர் எனல் பொருந்துமோ? திருமால் வக்கிராசுரனை அழித்த இடம் திருவக்கரை என்பது தலமரபு; இக்கற்கள் அவ்வசுரனின் எலும்புகளே என்பது ஊர் வழக்கு. வாய்மொழி வழக்கைக் காலச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. எனினும் அதன் உட்கருத்து நோக்கத்தக்கது. இவை வெறுங்கல் அல்ல, முன்பு உயிரோடிருந்த ஒன்றன் எச்சம் என்னும் உணர்வு அவ்வழக்கில் உளது. விளக்கம் புராணமாயினும், உற்றுநோக்கல் உண்மையே ஆகும்.

அடுத்து, மரம் கரியான கதையைக் காண்பாம். திருவக்கரைக்குத் தென்கிழக்கே, அந்நாளிற் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த பாகூரில், 1884ஆம் ஆண்டளவில் தானே பொங்கும் ஊற்றுநீர் வேண்டி ஆழத் துளையிட்டனர். நீர் தேடிய அத்துளையிற் பழுப்பு நிலக்கரி தோன்றிற்று. அரைநூற்றாண்டு கழித்து, 1930களின் நடுப்பகுதியில், தெற்கே நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றிற் கரும்பொருள் வெளிப்பட்டது. அங்கும் தேடப்பட்டது நீரே. அதன்பின் அரசினர் துளையிட்டு ஆய்ந்தனர். 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961இல் நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டது. நிலக்கரிப் படிவின் அடியில் அழுத்தத்துடன் நின்ற ஊற்றுநீர் மேலெழுந்து சுரங்கத்தை நிரப்பாவண்ணம், அதனை இடையறாது இறைக்க வேண்டியதாயிற்று. நீர் தேடியோர் கரியைக் கண்டனர்; கரி தேடியோர் நீரோடு போராடினர்.

இவற்றால் நாம் தெளிவது யாது? கனிமத் தேட்டத்தில் காண்போர், குறிப்போர், ஆய்வோர் என மூவகையினர் உளர். திருவக்கரையில் ஊரார் கண்டனர், சொன்னரா குறித்தார், சாகனி முதலியோர் ஆய்ந்தனர். குறித்து வையாத காட்சி பிறர்க்குப் பயன்படாது. ஆதலின் சொன்னராவின் பெருமை குறையாது. ஆனால் குறித்தவரையே கண்டவர் எனல் வரலாற்றுப் பிழை. நெய்வேலியிற் கிணற்றுக்குரியவர் பெயரேனும் நிலைத்தது. அக்கிணற்றில் மண்வெட்டி பிடித்து முதலிற் கருமண்ணைத் தொட்டவர் பெயரை எந்நூலும் கூறவில்லை.

இவ்வேறுபாடு இன்று பெரிதும் வேண்டப்படுவது. திருவக்கரைச் சுற்றுப்புறத்திற் கருங்கற் குவாரிகள் பல தோன்றியுள்ளன. கல்மரங்கள் காப்புடையன, வேலிக்குப் புறத்தே உள்ள நிலத்தின் அமைப்போ வெட்டுந்தோறும் மாறிவருகின்றது. கிணறு வெட்டுவோர் செம்மண், சரளை, சுக்கான் என அடுக்கடுக்காக அறிந்து வைத்துள்ளவற்றையும், மேடு பள்ளங்களுக்கு ஊரார் வழங்கும் பெயர்களையும் இன்றே தொகுத்தல் வேண்டும். நிலம் வெட்டுண்டபின் அப்பெயர்களுக்குப் பொருளும் இராது. கண்டவர் சொல்லக் கேட்டுக் குறிப்பதே தமிழாய்வார்க்கும் நிலவியலார்க்கும் இப்பகுதியிற் பொதுவான கடமை எனலாம்.