காலத்தை விலைக்கு வாங்கிய தஞ்சாவூர்

'சிவிலைசேஷன்' போல முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால், படை திரட்டும் முன்பே எதிரி வாசலில் வந்து நிற்பான். அப்போது ஜெயிப்பதை விட இன்னும் சில முறைகள் தாக்குப்பிடிப்பதுதான் முக்கியம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் (1739-1763) இதை நிஜத்திலேயே இரண்டு தடவை செய்து காட்டினார்.

1749 இறுதியில் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மன்னர் பேரம் பேசியே வாரக்கணக்கில் நாட்களைக் கடத்தினார். பெரும் தொகைக்குப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். பணம் முழுவதும் கைமாறும் முன்பே, அவர்களுடைய எதிரி நாசிர் ஜங் பெரும் படையோடு நெருங்கினார். வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

1758-ல் அந்தப் பழைய பாக்கிக்காக 56 லட்சம் ரூபாய் கேட்டு பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். மறுபடியும் அதே பேச்சு, அதே இழுத்தடிப்பு. லாலியின் படையிலோ சோற்றுக்கும் பஞ்சம், வெடிமருந்துக்கும் பஞ்சம். மதில் உடையத் தொடங்கிய சமயத்தில், ஆங்கிலேயக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் நிற்கும் செய்தி வந்தது. ஆகஸ்ட் 10-ல் தஞ்சைப் படை வெளியே வந்து தாக்க, லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

ஆனால் 1773-ல், மகன் துளஜாஜி காலத்தில், ஆற்காடு நவாபுக்காக ஆங்கிலேயரே வந்தபோது கோட்டை விழுந்தது. அந்தத் தடவை காப்பாற்ற வெளியிலிருந்து யாரும் வரவில்லை. எதிரிக்கு இன்னொரு எதிரி இருக்கும் வரையில்தான் இழுத்தடிப்பு பலிக்கும்.