பாளயத்தில் இறங்கிய ஆவி

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை அதிகாரப் பகிர்வின் கதையாகவே நான் வாசிக்கிறேன். ஜனங்களின் பாரத்தை ஒத்தையாளாச் சுமக்க முடியாதென்று மோசே முறையிடுகிறான். அவன்மேல் இருந்த ஆவியில் எடுத்து எழுபது மூப்பர்மேல் வைக்கிறார் கடவுள். பெயர் எழுதப்பட்டும் கூடாரத்துக்குப் போகாமல் பாளயத்திலேயே இருந்துவிட்ட எல்தாத், மேதாத் மேலும் ஆவி இறங்குகிறது. தடுக்கச் சொல்லிப் பதறுகிறான் யோசுவா. மோசே தடுக்கவில்லை, ஜனங்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளானால் நல்லதுதானே என்கிறான்.

ஆனால் 16ஆம் அதிகாரத்தில், சபையார் எல்லாருமே பரிசுத்தர்தானே என்று கேட்ட கோராகின் கூட்டத்தைப் பூமி விழுங்குகிறது. தூபம் காட்டும் உரிமை ஆரோன் வம்சத்துக்கு மட்டும் என்றாகிறது.

பிறப்பை வைத்து வாசலை அடைத்த சட்டமும் அதே புத்தகத்தில்தான் இருக்கு. நம்ம வாசிப்பு பாளயத்திலிருந்து தொடங்கணும் என்கிறேன்.