திண்ணையும் மண்டபமும்: சட்டாம்பிள்ளை முறையின் வரலாறு

கற்றல் என்பது ஆசிரியர் வாய்மொழியால் மட்டும் நிறைவுறுவதன்று என்னும் உண்மையைத் தமிழிலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கன் பெறும் புலமையைக் கூறிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கொள்பவனுக்கும் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு வந்தடையும். எஞ்சிய அரைப்பங்கோ தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அவர் கொள்கை. ஆசிரியர், உடன் மாணாக்கர், எடுத்துரைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒருங்கமைந்த இடமே நல்ல வகுப்பறை எனலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெருக்கினால் யாது விளையும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்வி வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றுக்கு வித்திட்டது தமிழ்நாட்டுத் திண்ணையொன்று என்பது பலரும் அறியாத செய்தி.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலே வகுப்புப் பிரிவுகள் இருந்ததில்லை. விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பாலகனும், எண்சுவடி முடித்து நிகண்டு கற்கும் முதிர்ந்த மாணாக்கனும் ஒருங்கே அமர்ந்திருந்தனர். பாலகர் மணலிலே விரலால் எழுதிப் பழகினர். கை திருந்திய பின்னரே ஏட்டையும் எழுத்தாணியையும் தொட்டனர். ஆசிரியர் ஒருவரே, யாழ்ப்பாணத்தார் அவரைச் சட்டம்பியார் என அழைத்தனர். ஆதலின் முதிர்ந்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோருக்கு எழுத்தறிவித்தான். இம்முறையிற் குறைகள் பல இருந்தன. பொருள் விளங்குமுன் மனனம் செய்ய வேண்டியிருந்தது. பிரம்படியும் கோதண்டமும் அச்சத்தை வளர்த்தன. பெண்மக்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெரும்பாலும் திண்ணைக்குப் புறத்தேயே நிறுத்தப்பட்டனர். எனினும் ஒரு நன்மை இருந்தது. சட்டாம்பிள்ளை கற்பித்தது ஆசிரியரின் கண்முன்னே. இளையோன் பாடம் ஒப்புவிக்கும்போது, கற்றவன் குறையும் கற்பித்தவன் குறையும் ஒருசேர அவருக்குப் புலனாயின.

1789 ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் அநாதைப் புதல்வருக்கென ஒரு கல்விச்சாலை நிறுவப்பெற்றது. அதன் மேற்பார்வையை ஏற்றவர் ஸ்கொத்லாந்து தேசத்தவரான அன்ட்ரூ பெல் பாதிரியார். ஒருநாட் காலை குதிரைமீது செல்லுங்கால், தமிழ்ச் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதை அவர் கண்டார். தமது சாலையிலும் அதனைப் புகுத்த விழைந்தார். அங்கிருந்த உபாத்தியாயர்கள் அது கைகூடாதெனக் கூறி உடன்படவில்லை. பெல் மனந்தளராது ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைத் தெரிந்து, கீழ்வகுப்பாருக்கு எழுத்தறிவிக்கும் பணியை அவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தோர் ஆகாதென்றதைச் சிறுவன் ஆக்கிக்காட்டினான். அது கண்ட பெல் அம்முறையைச் சாலை முழுவதற்கும் விரித்தார். 1796 இல் தாயகம் மீண்டு, மறு ஆண்டிலே தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயர் ஐரோப்பாவிற் பரவலாயிற்று.

அக்காலத்து இங்கிலாந்திலே இயந்திரத் தொழில் பெருகி, நகரங்களில் ஏழைச் சிறுவர் கல்வியின்றித் திரண்டிருந்தனர். 1798 இல் யோசேப்பு லங்காஸ்ரர் என்பவர் இலண்டன் மாநகரின் சவுதாக் பகுதியில் ஏழைச் சிறுவருக்குப் பள்ளி தொடங்கினார். மாணாக்கர் தொகை சில நூறாகப் பெருகவே, மாணாக்கரைக்கொண்டே கற்பிக்கும் முறையை அவரும் மேற்கொண்டார். அவருடைய பள்ளி ஒரு நெடிய மண்டபம். ஒரு முனையில் மேடைமீது ஆசிரியர்; அவரை நோக்கி வரிசை வரிசையாக விசுப்பலகைகள். பெரிய எழுத்தில் அச்சிட்ட பாடத்தாள்கள் சுவரிலே தொங்கின. சிறுவர் அவற்றின் முன் அரைவட்டமாக நின்று, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லப் படித்தனர். நூலொன்று பலருக்குப் பயன்பட்டமையாற் செலவு சுருங்கிற்று. ஓராசிரியர் ஆயிரவர்க்குக் கற்பிக்கலாம் என லங்காஸ்ரர் முழங்கினார். அவர் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் குற்றம் செய்தவன் கழுத்திலே மரக்கட்டையைத் தொங்கவிட்டும், அவனைக் கூடையிலேற்றிக் கூரையிற் கட்டியும் நாணுறச் செய்தார்.

1811 இல் ஆங்கிலத் திருச்சபையினர் தேசிய சங்கத்தை நிறுவிப் பெல்லின் முறையைப் பரப்பினர். ஏனைக் கிறித்தவ சபையினர் லங்காஸ்ரரின் முறையை வளர்த்தனர். கவிஞர் கோல்ரிட்ச் இதனை நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் போற்றினார். புகழ்ச்சியாகக் கூறிய அவ்வுவமையிலே இம்முறையின் குறையும் அடங்கியிருந்தது. எழுத்தின் வாசனையே அறியாதிருந்த பல்லாயிரவர் எழுதப்படிக்கக் கற்றனர், அப்பயனை மறுத்தலாகாது. ஆனால் திண்ணையிலே ஆசிரியரின் துணையாக இருந்த சட்டாம்பிள்ளை, மண்டபத்திலே ஆசிரியருக்குப் பதிலாளாயினான். பவணந்தியார் கூறிய அரைப்பங்கை அவன் பெற்றிருத்தல் கூடும். அவன் முன் நின்ற சிறுவருக்கோ ஆசிரியரால் வரும் காற்பங்கும் கிட்டிற்றில்லை. எழுத்தைக் காட்டச் சிறுவனால் இயலும். ‘ஏன்’ என்னும் வினா எழும்போது விடைகூற அவனால் இயலாது. வினாவுக்கு இடமில்லாத அறையிலே வினவும் பழக்கமும் நாளடைவில் மறைந்துபோகும்.

இக்குறையை உணர்ந்தவருள் ஒருவர் ஜேம்ஸ் கே-ஷட்டில்வேத். பெஸ்தலோசியின் கொள்கை பரவிய சுவிற்சர்லாந்துப் பள்ளிகளை நேரிற் கண்டுவந்த அவர், 1840 இல் பற்றசீயில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியொன்றைத் தொடங்கினார். 1846 இல், பதின்மூன்று வயது நிரம்பியோரை ஐந்தாண்டு தலைமையாசிரியரின் கீழ்ப் பயிற்றும் மாணவ ஆசிரியர் திட்டம் வகுக்கப்பெற்றது. கற்பிக்கும் பிள்ளை தானும் கற்கவேண்டும், அவனை ஒருவர் கவனிக்கவேண்டும் என்னும் திண்ணையின் நெறி இவ்வாறு மீண்டது.

இரண்டாண்டு கழித்து, 1848 இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் வகுப்புமுறையையும் அச்சுப் புத்தகத்தையும் ஏற்றார். படிமுறையாகப் பாலபாடங்கள் இயற்றினார். ஆசிரியராக அமர்த்தியதோ தம்மிடம் கற்றுத்தேர்ந்த மாணாக்கரையே. புதிய வடிவினுள்ளே பழைய உறவைப் பேணியமையே அவருடைய கல்விப்பணியின் தனிச்சிறப்பு.

ஆனால் சிக்கனத்தின் கவர்ச்சி மீண்டும் தலைதூக்கிற்று. 1862 இல் றொபேட் லோ புகுத்திய திருத்தச் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, கணிதம் என்பவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெறும் சித்திக்கேற்பப் பள்ளிக்குப் பணம் வழங்கிற்று. ஒரு பாடத்திலே தவறிய பிள்ளையால் இரண்டு சிலிங் எட்டுப் பென்ஸ் குறைந்தது. வித்தியாதரிசியாக இருந்த கவிஞர் மத்தேயு ஆர்னல்ட், கற்பித்தல் உயிரற்ற செயலாகின்றதென இதனைக் கண்டித்தார். இலங்கையிலும் 1869 இல் பொதுப்போதனைத் திணைக்களம் தோன்றியதன் பின், பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை முறை கைக்கொள்ளப்பட்டது. வித்தியாதரிசி வரும் நாளே ஆண்டின் பெருநாளாயிற்று. சித்தியெய்தும் பிள்ளை பள்ளிக்கு வரவாகவும், பின்தங்கிய பிள்ளை இழப்பாகவும் எண்ணப்படும் நிலை நேர்ந்தது. மண்டபம் ஆசிரியரின் கண்ணைப் பிள்ளையிடமிருந்து தொலைவிற் கொண்டுசென்றது. பணக்கணக்கோ அருகிருந்த கண்ணையும் வேறு திசைக்குத் திருப்பிற்று. இங்கிலாந்திலே இம்முறை 1890 களிற் கைவிடப்பெற்றது.

பெல் 1832 இல் இறந்து வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அடக்கப்பெற்றார். அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் 1833 இல் திறக்கப்பெற்ற மதராஸ் கல்லூரி இன்றும் அப்பெயரோடு விளங்குகின்றது. மணலிலே எழுதக் கற்பித்த திண்ணையாசிரியரின் பெயரை எவரும் குறித்துவைத்தாரில்லை. இன்றைய கல்வியியலாளர் சகபாடி வழிக் கற்றலைப் பெரிதும் பாராட்டுகின்றனர். கற்பவனைப் போலவே கற்பிப்பவனும் பயனடைகின்றான் என ஆய்வுகளும் கூறுகின்றன. அது நன்னூலார் கண்ட உண்மையே. எனினும் அது ஆசிரியரின் தொகையைக் குறைக்கும் உபாயமாகக் கொள்ளப்படுமிடத்து, இலண்டன் மண்டபத்தில் நேர்ந்ததே மீண்டும் நேரும். பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். அவர்களைக் கண்டறியும் ஆசிரியர் ஒருவர் அருகிலிருக்கும்போதே அக்கல்வி நிறைவுறும்.