ஒரு ஸ்பேனர் பை லடாக் போன கதை

புல்லட் மோட்டார்சைக்கிள் நம் ஊருக்கு வந்தது பாகம் பாகமாகத்தான். எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 வண்டி கேட்டது. அதை ஒட்டி 1955-ல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் கைகோத்து, என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கின. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை.

அந்த வண்டியோடு ஒரு சின்ன ஸ்பேனர் பையும் வந்தது. பிளக் ஸ்பேனர், இரட்டை முனை ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், டயர் லிவர் என்று கையடக்கமான சாமான். சீட்டுக்குக் கீழே இருக்கும் பக்கப் பெட்டிதான் அதற்கு வீடு. நான் சொல்ல வந்தது அந்தப் பையின் கதை. எழுபது ஆண்டுகளில் அதற்குள் எது போனது, எது வந்தது, எது அப்படியே இருக்கிறது என்று பார்த்தால், வண்டி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும், சாலையோரத்தில் நிற்கிற மனிதனுக்கு எது மாறவே இல்லை என்பதும் சேர்ந்தே புரியும்.

பைக்குப் பிறவியிலேயே இருந்த சிக்கல் அளவு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் போல்ட் மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் நட்டும் போல்ட்டும் அந்த வம்சாவளி. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. எந்த போல்ட்டுக்கு உரியதோ அந்த போல்ட் தண்டின் விட்டம். கால் இஞ்ச் என்று பொறித்த ஸ்பேனரின் வாய் அரை இஞ்சுக்குச் சற்று மேலேயே இருக்கும். சில ஸ்பேனர்களில் ஒரே வாய்க்கு இரண்டு எண்கள் பொறித்திருக்கும். போர்க்காலத்தில் இரும்பை மிச்சம்பிடிக்க போல்ட் தலைகளை ஒரு படி சிறிதாக்கினார்கள். அதனால் பழைய ஸ்பேனர் புதிய போல்ட்டில் வேறோர் எண்ணுக்கு உரியதாகிவிட்டது.

இங்கே தயாரான புல்லட்டில் நாளடைவில் மெட்ரிக் போல்ட்டுகளும் நுழைந்தன. ஒரே வண்டியில் இஞ்ச் நட்டும் மில்லிமீட்டர் நட்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் இஞ்ச் நட்டைப் பிடிப்பதுபோல் பிடிக்கும், ஆனால் இறுகப் பிடிக்காது. அதை நம்பி ஓங்கி அழுத்தினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலும்தான். "இஞ்ச் ஸ்பேனர் இல்லாம பழைய புல்லட்டைத் தொடாத தம்பி" என்று சென்னை புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணன்கள் இன்றைக்கும் சொல்வது வெறும் பழக்கத்தால் அல்ல.

அந்தக் காலத்துப் பையில் இன்னொரு மெல்லிய சாமானும் வேண்டியிருந்தது: இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். இக்னிஷன் பாயிண்ட் இரண்டும் விலகும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஓட ஓட பாயிண்ட் தேயும், கருகும், வண்டி விட்டுவிட்டு இழுக்கும். ஓட்டுகிறவரே மூடியைத் திறந்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளி பார்த்து மூட வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவதும் அப்படித்தான். நெடுந்தூரம் போகிறவர் பாதி மெக்கானிக்காக இருந்தே தீர வேண்டிய காலம் அது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்ததும் பாயிண்ட் போனது. 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினும் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபோது கார்புரேட்டரும் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. ஃபீலர் கேஜுக்கும் ஜெட்டுக்கும் பையில் வேலை இல்லாமல் போனது. அவற்றின் இடத்துக்கு ஆலன் கீ செட்டும் ஃபியூஸும் வந்தன. இன்ஜெக்ஷன் பழுதானால் சாலையோரத்தில் ஸ்பேனரை வைத்துச் செய்ய அதிகம் இல்லை. ஃபியூஸையும் பேட்டரி டெர்மினலையும் ஒயர் கப்ளர்களையும் பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் வண்டி லாரியில் ஏற வேண்டியதுதான். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. அந்த எஞ்சின் அவ்வளவு எளிதில் நிற்பதும் இல்லை.

டியூப், கேபிள், செயின், கிளட்ச்-பிரேக் லிவர் இவை மட்டும் 1955-ல் எப்படிப் பழுதாயினவோ அப்படியேதான் இன்றும் பழுதாகின்றன. ஆணிக்கு எந்த ஆண்டு மாடல் என்று தெரியாது. சுற்றுப்பயண வண்டியின் பையை இந்த நான்கையும் முன்வைத்துத்தான் கட்ட வேண்டும்.

கடையில் பளபளவென்று பிளாஸ்டிக் பெட்டியில் 46 துண்டு சாக்கெட் செட் கிடைக்கும். வீட்டுக்கு நல்லது. பயணத்துக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதித் துண்டுகளுக்கு உங்கள் வண்டியில் வேலையே இருக்காது. அவசியமான ஒன்று அதில் இருக்கவும் இருக்காது. அந்த ஒன்று பெரும்பாலும் பின்சக்கர ஆக்சில் நட்டின் ஸ்பேனர். சின்ன செட்டுகள் அந்த அளவுக்கு எட்டுவதில்லை. பஞ்சர் கிட், பம்பு, மாற்று டியூப் எல்லாம் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாமல் நிற்பவர்களை மலைப்பாதையில் பார்க்கலாம்.

பையை வண்டியிடம் கேட்டுக் கட்டுவதே சரி. சென்டர் ஸ்டாண்டு போட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். முன்சக்கரம் கழற்ற என்ன வேண்டும், பின்சக்கரம் கழற்ற என்ன வேண்டும், செயின் இறுக்க, கிளட்ச் கேபிள் மாற்ற, பிளக் கழற்ற, பேட்டரி டெர்மினல் இறுக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் உரிய ஸ்பேனரைப் போட்டுப் பார்த்து ஒரு பக்கமாக எடுத்து வையுங்கள். 10-11, 12-13, 14-15 என்று நம் கடைகளில் கிடைக்கும் இரட்டை முனை ஸ்பேனர்கள் மூன்று நான்கிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அடிக்கடி கழற்றும் அளவுக்கு ஓப்பன் ஸ்பேனரைவிட ரிங் ஸ்பேனர் மேல், நட்டு மழுங்காது. ஆக்சில் நட்டுக்கு உரியதோடு ஒரு சாண் இரும்புக் குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் நீளக் கைப்பிடி போட்டு இறுக்கியதைக் குட்டை ஸ்பேனரால் அசைக்க முடியாது. குழாயை ஸ்பேனரின் வாலில் செருகினால் அசையும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பலர் எல்லாவற்றுக்கும் பதிலாக நினைக்கிறார்கள். ஸ்வீடனின் யோஹான் பெட்டர் யோஹான்சன் 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற அந்த வடிவம்தான் உலகமெங்கும் பரவியது. அருமையான சாமான்தான். ஆனால் பையில் அதன் வேலை மறுபக்கத்து போல்ட் தலை சுழலாமல் பிடித்துக்கொள்வது. இறுகிய நட்டைக் கழற்ற அதை முதல் ஆளாக அனுப்பக் கூடாது.

என் பை காக்கிக் கித்தானில் தைத்தது. கூடாரத் துணி தைக்கும் தையல்காரரிடம் கொடுத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தனி அறை வைத்துத் தைத்து வாங்கினேன். சுருட்டி நாடாவால் கட்டினால் முழங்கை நீளம். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் பைக்குள் இரும்பும் இரும்பும் நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். தனி அறை இல்லாவிட்டால் சத்தம் மட்டுமல்ல, சேதமும் உண்டு. குறிப்பாக மாற்று டியூபை ஸ்பேனரோடு ஒன்றாகப் போடவே கூடாது. புத்தம் புதிய டியூப், உரசி உரசியே ஓட்டை விழுந்து, தேவைப்படும் நாளில் காற்று நிற்காமல் போகும். டியூபுக்கு டால்கம் பவுடர் தூவி, பழந்துணியில் சுற்றி, வேறோர் இடத்தில் வைக்க வேண்டும்.

பழைய டியூபையும் எறிய வேண்டாம். குறுக்கே வளையம் வளையமாக வெட்டினால் தரமான ரப்பர் பேண்டு. நீளவாக்கில் வெட்டினால் கட்டு நாடா. இன்சுலேஷன் டேப்பை உருளையாக வைக்காமல் டயர் லிவரின் நடுப்பகுதியில் சுற்றி வைத்தால் தனி இடம் பிடிக்காது. கட்டுக்கம்பி ஒரு முழம், கேபிள் டை ஒரு கட்டு, கட்டிங் பிளேயர் ஒன்று. கேபிள் டையும் 1958-ல் விமான ஒயர்களைக் கட்டப் பிறந்த சாமான்தான். இன்று உடைந்த மட்கார்டு முதல் கழன்ற இண்டிகேட்டர் வரை தாங்குகிறது. கல்லில் மோதி எஞ்சின் அடியில் விரிசல் விட்டால் எம்-சீல். பெட்ரோல் டேங்க் ஊசிமுனை அளவு கசிந்தால் துணி துவைக்கும் சோப்பைத் தேய்த்து அடைக்கலாம். பெட்ரோலில் சோப்பு கரையாது. நம் ஊர் லாரி டிரைவர்களும் மெக்கானிக்குகளும் தலைமுறையாகச் செய்துவருவது இது.

கிளட்ச் கேபிளுக்கு ஒரு வழி உண்டு. மாற்றுக் கேபிளைப் பைக்குள் சுருட்டி வைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கேபிளின் கூடவே இழுத்து, கேபிள் டை போட்டு, இரு முனையையும் டேப்பால் மூடி வைத்துவிடுவது. அறுந்தால் டேங்கைத் தூக்க வேண்டாம், வழி தேட வேண்டாம். முனை இரண்டையும் மாற்றி மாட்டினால் போதும்.

தென்னாட்டிலிருந்து லடாக் போகிறவர்கள் பலரும் வண்டியை டெல்லிக்கோ சண்டிகருக்கோ ரயில் பார்சலில் போட்டுவிட்டுப் பின்னால் போகிறார்கள். பெட்ரோலை முழுக்க வடித்த பிறகே வண்டி ஏறும். விமானத்தில் போகிறவர் ஸ்பேனர் பையைச் செக்-இன் பெட்டியில் போட வேண்டும். கைப்பையில் விட மாட்டார்கள்.

மணாலியிலிருந்து லேவுக்கு ரோதாங் கணவாய் வழியே ஏறத்தாழ 470 கிலோமீட்டர். 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயின் அவதியைக் குறைத்துவிட்டது. ஆனால் மீதி மலை அப்படியேதான் இருக்கிறது. வழியில் டாண்டி பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்ற பலகை வெகுகாலமாகப் பயணிகளை எச்சரித்தது. கீலாங் தாண்டிய பிறகு நம்பிப் போகும்படி பட்டறை கிடையாது. பாராலாச்சா லா 4,800 மீட்டருக்கு மேல். சர்ச்சுவுக்கு அப்பால் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள். தங்லாங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

அந்தப் பாதிக் காற்று பையைச் சோதிக்கும் விதம் சமவெளியில் தெரியாது. கார்புரேட்டர் வண்டி மூச்சடைத்து, பிளக் கறுத்து, புகை தள்ளும். இன்ஜெக்ஷன் வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கைப்பம்புக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பம்புக்குள் வருவதே பாதிக் காற்று. சென்னையில் அடிப்பதைப்போல் இரண்டு மடங்கு அடித்தால்தான் டயர் அதே 30 பி.எஸ்.ஐ.-க்கு ஏறும். அடிக்கிற ஆளுக்கும் மூச்சு பாதிதான். பேட்டரியில் மாட்டும் சின்ன 12 வோல்ட் கம்ப்ரசரை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் அதே பாதையில் வரும் மோரே சமவெளியில் ஒருமுறை கைப்பம்பு அடித்துப் பார்க்கட்டும். அதை மொபைல் சார்ஜர் சாக்கெட்டில் மாட்டினால் ஃபியூஸ் போகும். நேரே பேட்டரி டெர்மினலில் கிளிப் போட வேண்டும்.

குளிர் வேறு. பஞ்சர் சொல்யூஷன் நம் ஊரில் ஊதினாலே காயும். அங்கே காத்திருக்க வேண்டும். டியூபை உப்புத்தாளால் பரபரப்பாகத் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்த பிறகே பேட்சை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் பத்துக் கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் உள்ளுக்குள்ளேயே உலர்ந்துவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிது வாங்குங்கள். டியூபை எடுத்ததும் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டுங்கள். முள்ளோ ஆணியோ இன்னும் அங்கேயே இருந்தால் துணியில் மாட்டும்.

டயரைத் திரும்ப மாட்டும்போதுதான் அதிகம் பேர் டியூபைக் கடித்துவிடுகிறார்கள். டியூபுக்கு வடிவம் வரும் அளவு லேசாகக் காற்று அடித்து உள்ளே விட வேண்டும். டயரின் ஓரத்தை முட்டிபோட்டு அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்க வேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வு அருகே முடிக்க வேண்டும். இப்படிச் செய்தால் கடைசி ஒரு சாணுக்கு லிவரை நெம்பவே வேண்டியிராது. பெரிய லிவரும் முரட்டு பலமும் செய்யாததை அந்தப் பள்ளம் செய்யும்.

மெட்ரிக் அளவு பொதுவாகிவிட்டதால் இன்றைய பையின் பாதி உழைப்பு அடுத்தவர் வண்டிக்குத்தான். லே போகும் வழியில் சர்ச்சுவிலோ பாங்கிலோ கூடாரத்து ஓரம் வண்டி நிற்கும்போது, 'ஆலன் கீ இருக்கா?' என்று யாராவது வந்து நிற்பார்கள். கொடுங்கள், கூடவே நில்லுங்கள். வாங்கிப்போன சாமானை எண்ணித் திரும்ப வையுங்கள். பையில் ஓர் அறை காலியாக இருந்தால் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அறை அறையாகத் தைத்தது.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அந்தப் பையை மட்டும் பக்கத்தில் விரித்து, பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். டியூபை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, காற்றடித்து, செயின் தளர்வு பார்த்துப் பூட்டுங்கள். நடுவில் வீட்டுக்குள் போய் எதையாவது எடுத்துவர நேர்ந்தால், அந்தச் சாமானும் பைக்குள் போகட்டும்.