எழுபதுகளின் கூடம்

சைதாப்பேட்டைப் பழைய வீடுகளில் இப்போது ஒரு புது மோகம். மேலே ஒட்டிய டைல்களைப் பெயர்த்துவிட்டு அடியிலிருக்கும் மொசெய்க் தரைக்கு மெருகேற்றுகிறார்கள். வயர் நாற்காலி, ஷட்டர் வைத்த டெலிவிஷன் பெட்டி எல்லாம் தேடிப் பிடிக்கிறார்கள். 1970-களின் அலங்காரமாம்!

அலங்காரமா அது? சலவைக்கல் உடைசலைச் சிமெண்டோடு குழைத்துப் பரப்பி, இறுகிய பின் தேய்த்து மெருகிட்டால் மொசெய்க். முழுக் கல்லுக்கு வசதியில்லாத மத்தியதரக் குடும்பத்தின் சலவைக்கல் அதுதான். பிரம்பு நாற்காலியில் மூட்டைப்பூச்சி சுகமாகக் குடியிருந்தது. இரும்புச் சட்டத்தில் பின்னிய பிளாஸ்டிக் வயரில் அதற்கு அவ்வளவு சௌகரியம் போதவில்லை. சிக்கனத்தைத்தான் இன்று ரசனை என்கிறோம்.

1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான். அதுவும் தெருவுக்கு ஒரு வீட்டில். பெட்டிக்கு ஷட்டர், ஷட்டருக்குப் பூட்டு. பரீட்சைக் காலத்தில் சாவி வீட்டுப் பெரியவரிடம். வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' என்றால் மட்டும் அந்தக் கூடம் தெருவுக்கே பொது. நாற்காலி எத்தனை பேருக்குக் காணும்? அழைப்பில்லாமல் வந்து தரையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். புதுக் கூடங்களில் நாற்காலிகள் அழகாகத்தான் இருக்கின்றன. தரையில் உட்கார ஆளைக் காணோம். அன்று கூட்டம் கலைந்த பின் கால் வைத்தால், எப்போதும் சில்லென்றிருக்கும் மொசெய்க், வெதுவெதுவென்றிருக்கும்.